பேரிடருக்குப் பிந்திய பிரசங்கம்: தீர்க்கதரிசிகளின் தீர்ப்பும் இரக்கமும்

2015 டிசம்பர் 1-ஆம் நாள் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் நந்தனத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் உறங்கிக்கொண்டிருந்த மக்கள் நள்ளிரவில் மாடிகளுக்கும் கூரைகளுக்கும் ஓடினர். அதனையடுத்து வந்த டிசம்பர் 6, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. இறைவனின் தீர்ப்பைத் தியானிக்கும்படி திருச்சபை நெடுங்காலமாக ஒதுக்கிவைத்திருக்கும் காலம் அது. அன்று நம் நகரத்தின் பிரசங்க பீடங்களில் என்ன சொல்லப்பட்டது என்பதை நாம் திரும்பிப் பார்ப்பது நலம். ஏனெனில், 2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் குடிசைகளை அடித்துச் சென்றபோதும் நாம் இப்படியேதான் பேசினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தை நீரில் நிறுத்தியபோதும் இப்படியேதான் பேசினோம்.

நாம் கேட்டவையும் நாமே பேசியவையும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு வகை, "இது தேவ கோபம், நகரத்தின் பாவம் வானத்தை எட்டிவிட்டது" என்பது. இதற்குத் துணையாக ஆமோஸ் அழைக்கப்படுவார். மற்றொரு வகை, "தேவன் இரக்கமுள்ளவர், நம்மைத் தப்புவித்தார், கோபத்தின் தேவன் பழைய ஏற்பாட்டோடு போய்விட்டார்" என்பது. இதற்குத் துணையாக ஓசியாவின் பதினோராம் அதிகாரமோ யோனாவின் முடிவோ எடுத்தாளப்படும். இவ்விரு பிரசங்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் ஒரே தவற்றிலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. தீர்க்கதரிசிகள் ஒன்றாகக் கட்டியதை இவை இரண்டும் அவிழ்த்துவிடுகின்றன. அப்படி அவிழ்ப்பதன் விளைவு இறையியல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அது அடையாற்றங்கரையிலும் காணப்படுகிறது.

1. இரண்டு ஆண்டுகளுக்கு முன்

ஆமோசின் நூல் ஒரு பேரிடரைக் கொண்டே காலம் குறிக்கப்பட்டுள்ளது. யூதாவில் உசியாவும் இஸ்ரவேலில் இரண்டாம் யெரொபெயாமும் அரசாண்ட காலத்தில், பூமி அதிர்ச்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவ்வாக்குகள் உரைக்கப்பட்டன என்று முதல் வசனம் கூறுகிறது. அந்த அதிர்ச்சி மக்கள் நினைவில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்குச் சகரியா நூலின் இறுதி அதிகாரமே சான்று (சக. 14:5). நம் பிரசங்கிகள் இவ்வசனத்தை ஒரு வரலாற்றுக் குறிப்பு என்று கடந்துபோகின்றனர். நம் கருத்தில், நூல் முழுவதையும் திறக்கும் சாவி இதுவே.

ஆமோஸ் பேரிடருக்கு முன் பேசினார். நாம் பின் பேசுகிறோம். இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில்தான் தீர்க்கதரிசனத்தின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. முன் பேசுகிறவனுடைய சொல்லில் திரும்புவதற்கு இடம் உண்டு. அடகு வாங்கிய ஆடையைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்தவர்களும், ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை விற்றவர்களும், கோடைக்கு ஒரு வீடும் மாரிக்கு ஒரு வீடும் கட்டிக்கொண்டவர்களும் அச்சொல்லைக் கேட்டு வழி மாறியிருக்கலாம். பின் பேசுகிறவனுடைய சொல்லிலோ அவ்விடம் இல்லை. அது வீடிழந்தவனிடம் போய், அவன் வீடிழந்ததற்குக் காரணம் சொல்லுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் அதுவே. அவர்களை இறைவன் கண்டித்தார் என்பதை நாம் அறிவோம்.

இதற்கு ஒரு தடை எழலாம். ஆமோஸ் நான்காம் அதிகாரத்தில் பஞ்சம், வறட்சி, பயிர்நோய், கொள்ளைநோய், போர் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, இவை எல்லாம் நேர்ந்த பின்னும் நீங்கள் திரும்பவில்லை என்று குற்றஞ்சாட்டவில்லையா? சாட்டுகிறார், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவ்வதிகாரம் யாரை நோக்கித் தொடங்குகிறது என்பதைப் பார்க்கவேண்டும். சமாரியாவின் மலையில் வாழ்ந்து, தரித்திரரை ஒடுக்கி, விருந்துக்குப் பானம் கேட்கும் செல்வப் பெண்டிரை நோக்கி அது தொடங்குகிறது. பெத்தேலிலும் கில்காலிலும் ஆடம்பரமாகப் பலியிட்டு மகிழ்ந்தவர்களை நோக்கித் தொடர்கிறது. பேரிடரிலும் எதையும் இழக்காமல், எதையும் கற்றுக்கொள்ளாமல், வழிபாட்டை மட்டும் பெருக்கிக்கொண்டவர்களையே அது வினவுகிறது. மேலும், முடிந்துபோனதை விளக்குவது அதன் நோக்கமன்று; இனி வரவிருக்கும் இறைவனைச் சந்திக்க ஆயத்தப்படுத்துவதே நோக்கம். அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சைதாப்பேட்டையின் கரையில் நனைந்த பாயை உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் வாசிப்பது, கடிதத்தை முகவரி மாற்றிக் கொடுப்பதாகும்.

2. கவிழ்த்தல் என்னும் ஒரு சொல்

தீர்ப்பும் இரக்கமும் தீர்க்கதரிசிகளிடத்தில் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை ஒரே எபிரெயச் சொல்லைப் பின்தொடர்ந்தே காட்டலாம். 'ஹாபாக்' என்பது அச்சொல். கவிழ்த்தல், புரட்டுதல் என்பது அதன் பொருள். சோதோம் அழிந்ததைக் கூறும்போது ஆதியாகமம் இச்சொல்லையே ஆளுகிறது (ஆதி. 19:25). ஆமோசில் இது பலமுறை எதிரொலிக்கிறது. நியாயத்தை எட்டியாகப் புரட்டுகிறவர்கள் என்று இஸ்ரவேலின் நீதிமன்றத்தாரை அவர் அழைக்குமிடத்தில் இச்சொல் உள்ளது (5:7). சோதோமைப் போல உங்களில் சிலரைக் கவிழ்த்தேன் என்னுமிடத்திலும் இதுவே (4:11). மனிதர் நியாயத்தைக் கவிழ்த்தனர், கவிழ்த்தவர்கள் கவிழ்க்கப்பட்டனர். தீர்ப்பு வானத்திலிருந்து தற்செயலாக விழும் கல் அன்று. குற்றத்தின் உள்ளேயே அது வளர்ந்துவருகிறது.

இனி ஓசியாவுக்கு வருவோம். அத்மாவையும் செபோயீமையும் போல உன்னை எப்படி ஆக்குவேன் என்று இறைவன் கலங்குகிறார் (ஓசி. 11:8). அவை சோதோமோடு அழிந்த ஊர்கள். நகரம் கவிழ வேண்டிய அந்த இடத்தில் ஓசியா அதே சொல்லைப் போட்டு, கவிழ்ந்தது எது என்று சொல்லுகிறார்: இறைவனின் இருதயம். நகரத்தின்மேல் விழவேண்டிய புரட்சி இறைவனுக்குள்ளே நிகழ்கிறது. தீர்ப்பு கைவிடப்பட்டதென்றோ, பாவம் பொருட்படுத்தப்படவில்லையென்றோ இதற்குப் பொருளில்லை; அதன் பாரத்தை யார் தாங்குவது என்பதே மாறுகிறது. சிலுவையை நோக்கிச் செல்லும் பாதை இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று கிறிஸ்தவ வாசகன் கருதினால் அது மிகையாகாது.

யோனாவில் இச்சொல் மூன்றாம் முறை வருகிறது. நாற்பது நாளில் நினிவே கவிழ்ந்துபோம் என்பது அவருடைய பிரசங்கம் (3:4). நினிவே கவிழவில்லை என்று யோனா சினந்தார். ஆனால் அரசன் அரியணையை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான்; மக்கள் தங்கள் கைகளிலிருந்த கொடுமையை விட்டுத் திரும்பினர். நகரம் உண்மையிலேயே கவிழ்ந்துதான் போயிற்று. யோனா எதிர்பார்த்த விதமாக அன்று. இறைவனின் இரக்கமும் தீர்ப்பும் ஒரே செயலாகும் இடம் இதுவே.

யோனா சினத்தோடு அறிக்கையிடும் வாக்கியமும் கருதத்தக்கது. இறைவன் இரக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர் என்னும் அறிக்கை சீனாய் மலையில் மோசேக்கு அருளப்பட்டது (யாத். 34:6, 7). இதை யோவேல் மனந்திரும்புதலுக்கு அழைப்பாகவும் (2:13), யோனா முறைப்பாடாகவும் (4:2), நாகூம் அதே நினிவேயின்மேல் வரும் தீர்ப்புக்கு முன்னுரையாகவும் (1:3) ஆளுகின்றனர். ஒரே அறிக்கை, ஒரே நகரம். ஒரு நூலில் மன்னிப்பு, மற்றொரு நூலில் அழிவு. முன்னது இரக்கத்தின் தேவன், பின்னது கோபத்தின் தேவன் என்று பிரிக்க முற்பட்டவன் மார்சியோன். ஏறத்தாழ 144-ஆம் ஆண்டில் ரோமைச் சபை அவனைப் புறம்பாக்கியது. நாம் அவனைப் புறம்பாக்கிவிட்டு அவன் கருத்தை ஞாயிறுதோறும் வரவேற்கிறோம்.

யூத அறிஞர் ஏபிரகாம் ஹெஷல் 1962-இல் வெளியிட்ட 'தீர்க்கதரிசிகள்' என்னும் நூலில், இறைவனின் கோபத்திற்கு எதிர்ச்சொல் அன்பன்று, பாராமுகமே என்னும் கருத்துப்பட வாதிடுகிறார். எளியவன் மிதிபடும்போது கோபங்கொள்ளாத தேவன் அவ்வெளியவனை நேசிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? இவ்வினாவுக்கு விடைகூறாத இரக்கப் பிரசங்கம் பாதிப் பிரசங்கமே.

3. நம் மொழிபெயர்ப்பின் சொற்கள்

இப்பிரிவினைக்கு நம் தமிழ்த் திருமறையின் சொல்லாட்சியும் ஓரளவு காரணம் எனத் தோன்றுகிறது. 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பு நம் ஆராதனையின் உயிர்மூச்சாக இருந்துவருவது. அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும் மூன்று சொற்களைப் பற்றி மாணவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, 'மிஷ்பாத்'. இச்சொல் சில இடங்களில் 'நியாயம்' என்றும் சில இடங்களில் 'நியாயத்தீர்ப்பு' என்றும் வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவன் செவியில் 'நியாயத்தீர்ப்பு' என்றவுடன் கடைசி நாளும் எக்காளமும் தோன்றும். ஆனால் தீர்க்கதரிசிகளுக்கோ மிஷ்பாத் ஊர்வாசலில் நடக்கவேண்டியது. விதவையின் வழக்கு விசாரிக்கப்படுவது. கடைசி நாளுக்கு ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு, இன்றைய அநியாயத்துக்கு வசதியாகிவிடுகிறது.

இரண்டாவது, 'ஹெசெத்'. ஓசியாவின் ஆறாம் அதிகாரத்தில் இரண்டே வசனங்களுக்குள் இது இருமுறை வருகிறது. நான்காம் வசனத்தில், காலை மேகம்போல மறைந்துபோகும் மக்களின் ஹெசெத் 'பக்தி' என்று பெயர்க்கப்பட்டுள்ளது. ஆறாம் வசனத்தில், பலிக்கு மாறாக இறைவன் விரும்பும் ஹெசெத் 'இரக்கம்' ஆகிறது. சங்கீதங்களில் அதுவே 'கிருபை'. தனித்தனியே இவை பொருந்தாதவை அல்ல. ஆனால், 'நீ பக்தி என்று கொண்டுவருவது எது இல்லாததால் மேகமாய்க் கலைகிறதோ, அதையே நான் கேட்கிறேன்' என்னும் ஓசியாவின் வாதம் தமிழில் கேட்கப்படுவதில்லை. கிருபை இறைவனுடையது, பக்தி நம்முடையது, இரக்கம் ஏழைக்குரியது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள நமக்கு எளிதாகிவிட்டது.

மூன்றாவது, 'நாஹம்'. ஆமோசின் வேண்டுதலைக் கேட்டு வெட்டுக்கிளியையும் அக்கினியையும் இறைவன் விலக்கும்போதும் (7:1-6), நினிவேயைத் தப்பவிடும்போதும் அவர் 'மனஸ்தாபப்பட்டார்' என்று வாசிக்கிறோம். இன்று நம் வீடுகளில் மனஸ்தாபம் என்பது உறவினரிடையே நேரும் கசப்பு. இதைக் கேட்கும் இளைஞன் இறைவனுக்கும் மனிதருக்கும் சண்டை என்று எண்ணினால் வியப்பில்லை. மனம் கசிந்து, முடிவை மாற்றிக்கொள்ளுதல் என்று பிரசங்கி விளக்கிச் சொல்லவேண்டும். அவ்வாறு விளக்கும்போதே, தீர்ப்பைக் கூறிய அதே ஆமோஸ் தீர்ப்புக்குள்ளானவர்களுக்காக முழந்தாளிட்டவர் என்பது வெளிப்படும். யாக்கோபு சிறியவன், எப்படி நிலைப்பான் என்று மன்றாடாதவனுக்குத் தீர்ப்பைப் பேச உரிமையில்லை.

4. ஆற்றங்கரையில் தூக்குநூல்

ஆமோசின் மன்றாட்டுக்குப் பின் வரும் தரிசனம் தூக்குநூல் (7:7-9). ஏசாயாவும், நியாயத்தை அளவுநூலாகவும் நீதியைத் தூக்குநூலாகவும் வைத்தபின், பொய்யை அடைக்கலமாகக் கொண்ட இடங்களை வெள்ளம் அடித்துக்கொண்டுபோம் என்கிறார் (28:17). கொத்தனார் தூக்குநூலைப் பிடிக்கும்போது ஏழையின் சுவர், செல்வனின் சுவர் என்று பார்ப்பதில்லை. சுவர் நேராக நிற்கிறதா என்பதே கேள்வி. இந்நூலை நம் நகரத்தின்மேல் பிடித்துப் பார்ப்போம்.

மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் மேற்கே ஒரு நெடிய ஏரி இருந்தது. 1920-களில் அதை வடித்துத்தான் தியாகராயநகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்னும் பொருள்பட இன்றும் ஒரு தெருப்பெயர் உண்டு. அங்கிருந்து பார்த்தால் தெரிவது கட்டடங்களே. 2021 நவம்பர் மழையில் தியாகராயநகர்த் தெருக்களில் நீர் நாட்கணக்கில் வடியாமல் நின்றபோது, அது தன் பழைய இடத்தைத் தேடி வந்தது என்று சொன்னவர்கள் பலர். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்தபின்னரே 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அடையாற்றின் குறுக்கே விமான நிலையத்தின் ஓடுபாதையே நீட்டிக்கப்பட்டுள்ளது. 2015 வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்று கூறியது. வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வயலோடு வயலைக் கூட்டி, வேறொருவருக்கும் இடமில்லாதபடி செய்பவர்களுக்கு ஏசாயா கூறிய ஐயோ (5:8) இவ்வறிக்கைக்கு நல்ல விளக்கவுரை. அதற்கு முந்திய வசனத்தில், இறைவன் மிஷ்பாத்தை எதிர்பார்த்தார், கண்டதோ மிஸ்பாஹ் என்னும் இரத்தப்பழி. செதாக்காவை எதிர்பார்த்தார், கேட்டதோ செஆக்கா என்னும் கூக்குரல் என்று ஏசாயா சொல்விளையாட்டாகக் கூறுகிறார். காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பவை உண்மையில் எவ்வளவு தூரம்!

வெள்ளத்துக்குப் பின் நகரம் செய்தது என்ன? ஆறு காக்கப்படவேண்டும் என்னும் நியாயமான காரணத்தைச் சொல்லி, அடையாற்றங்கரைக் குடிசைவாழ் மக்களில் ஆயிரக்கணக்கானோர் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வேலையும் பள்ளியும் சைதாப்பேட்டையில். வீடு 15 கிலோமீட்டருக்கும் அப்பால். கடற்கோளுக்குப் பின் கடற்கரைக் குடும்பங்கள் பல குடியேற்றப்பட்ட செம்மஞ்சேரியோ மழைதோறும் தானே நீரில் நிற்கும் இடம். 2022 மே மாதத்தில் இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயோரத்து வீடுகள் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டபோது, ஒருவர் தம்மைத் தீயிட்டுக்கொண்டு உயிரிழந்தார். இதே காலத்தில், விதிமீறி எழுந்த பெருங்கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வரன்முறைப்படுத்தும் ஏற்பாடுகள் நம் மாநிலச் சட்டத்தில் ஒருமுறைக்கு மேல் செய்யப்பட்டுள்ளன.

இங்கேதான் நம் வாதம் வந்து நிற்கிறது. குடிசைக்குத் தீர்ப்பு, மாளிகைக்கு இரக்கம். இறையியலில் இவ்விரண்டையும் பிரித்து வைத்த நாம், நகரத்தில் அவை யாருக்கு எது என்று பங்கிடப்பட்டபோது வாய்திறக்கவில்லை. நம் இருவகைப் பிரசங்கங்களும் இப்பங்கீட்டுக்கு ஏற்றவையாகவே அமைந்தன. 'தேவ கோபம்' என்ற பிரசங்கம் ஏரியின் மதகைப் பற்றியும் ஆற்றின் அகலத்தைப் பற்றியும் கேட்கவேண்டிய கேள்விகளை அடைத்தது. 'தேவன் தப்புவித்தார்' என்ற பிரசங்கம் தப்பாதவர்களைப் பற்றிய கேள்வியை அடைத்தது. கடற்கோளின்போது, சாந்தோமில் கடலை நோக்கி நிற்கும் தூண் அலையைத் தடுத்தது என்ற நம்பிக்கை பரவியதைப் பலர் நினைவுகூர்வர். அதைப் புரொட்டஸ்டாண்டு பெருமையோடு எள்ளுவது நமக்குத் தகாது. நம் சாட்சிக் கூட்டங்களிலும் அத்தகைய தூண்கள் பல உண்டு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: சற்றுத் தொலைவில் சீனிவாசபுரத்தில் இறந்தவர்களுக்கு அந்த இரக்கம் ஏன் எட்டவில்லை? நம்மை மட்டும் விலக்கிக் காக்கும் இரக்கம் தீர்க்கதரிசிகள் அறியாதது. இலட்சத்து இருபதினாயிரம் பேரையும் மிகுதியான மிருகங்களையும் எண்ணிப் பரிதபிப்பதே யோனாவின் தேவனுடைய இரக்கம் (4:11).

5. ஒரு மறுப்பு

"அப்படியானால் வெள்ளம் தீர்ப்பு அன்று என்கிறீர்களா? தேவனை வரலாற்றிலிருந்து விலக்கி, பொறியாளரிடம் ஒப்படைக்கிறீர்களா?" என்று மூத்த போதகர் சிலர் வினவலாம். அவர்கள் வினாவில் நியாயம் உண்டு. தீர்க்கதரிசிகள் இயற்கையையும் வரலாற்றையும் இறைவன் கையிலிருந்து விடுவித்தவர்கள் அல்லர். நாமும் அப்படிச் செய்யத் துணியோம்.

நம் விடை இது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்த செய்தியை ஆண்டவர் எடுத்தபோது, இறந்தவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்னும் எண்ணத்தைத் திட்டமாய் மறுத்தார், அதே மூச்சில், கேட்டுக்கொண்டு நின்றவர்களை மனந்திரும்ப அழைத்தார் (லூக். 13:4, 5). அவர் தீர்ப்பை மறுக்கவில்லை. அதன் முகத்தைத் திருப்பினார். இறந்தவர்மேல் இருந்த விரல் கேட்டவர்மேல் திரும்பியது. வெள்ளத்தில் தீர்ப்பு உண்டு என்றே நாமும் சொல்லுகிறோம். ஏரியைத் தூர்த்துக் கட்டிய நகரத்தின்மேல், அதில் வீடு வாங்கிய நம்மேல், மதிற்சுவருக்கு வெளியே இருந்த கால்வாயை ஒருபோதும் எட்டிப் பாராத நம் திருச்சபைகளின்மேல் அத்தீர்ப்பு உண்டு. நீரில் மூழ்கியவர்கள் அத்தீர்ப்பின் இலக்கு அல்லர். அவர்களே அதன் சாட்சிகள்.

நிவாரணப் பணியைப் பற்றியும் ஒரு சொல். 2015-இல் நம் ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் பலருக்கு அடைக்கலமாயின. உணவும் போர்வையும் மதம் கேளாமல் வழங்கப்பட்டன. அதற்காக இறைவனைத் துதிக்கிறோம். ஆயினும் மக்களின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்கி, சமாதானம் என்று சொன்னவர்களை எரேமியா கடிந்துகொண்டார் (6:14). போர்வை கொடுத்த கை, அடுத்த ஆண்டு அதே குடும்பம் லாரியில் ஏற்றப்பட்டபோது எங்கே இருந்தது?

6. முடிவாக

ஆமோஸ் நீதியை ஒப்பிட்டது வற்றாத ஓடைக்கு (5:24). பாலஸ்தீன நாட்டின் ஓடைகள் பெரும்பாலும் மாரியில் சீறி, கோடையில் மணலாகிவிடுபவை; அத்தகைய ஓடையின் பொய்யைப் பற்றி எரேமியா இறைவனிடமே முறையிட்டார் (15:18). அடையாறும் அத்தகையதே. மழைக்காலத்தில் கரைபுரள்வதும் மற்றைக் காலத்தில் சாக்கடையாய்த் தேங்குவதும் அதன் இன்றைய இயல்பு. நம் பிரசங்கமும் அந்த ஆற்றைப் போலவே ஆகிவிட்டது: டிசம்பரில் தீர்ப்பைப் பற்றி வெள்ளம், ஆண்டின் மற்றைப் பதினொரு மாதங்களில் வறட்சி.

ஆகவே இறையியல் மாணவர்களுக்கும் நம் உடன் ஊழியர்களுக்கும் நாம் முன்வைப்பது பெரிய திட்டம் ஒன்றுமன்று. ஆமோசை மழைக்கு முன் பிரசங்கியுங்கள். ஆனியிலும் ஆடியிலும், ஏரிகள் வறண்டிருக்கும்போது, உங்கள் சபை எல்லைக்குள் நீர் எவ்வழியே ஓடியது, அவ்வழியில் இன்று யார் வீடு நிற்கிறது, யார் வீடு இடிக்கப்பட்டது என்று சபையாரோடு நடந்து பாருங்கள். தூக்குநூலை முதலில் நம் ஆலயச் சுவரின்மேல் பிடியுங்கள். மழை பெய்து, நீர் வீட்டுக்குள் வந்தபின் ஆமோசின் நூலை மூடிவைத்து, அவருடைய முழந்தாளை எடுத்துக்கொள்ளுங்கள்: யாக்கோபு சிறியவன். பேரிடருக்குப் பின்வரும் ஞாயிற்றுக்குரிய பிரசங்கம் அந்த மன்றாட்டே. அதற்குரிய தீர்ப்பின் சொல்லை நாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும்.